சனத்நகர் அடுக்குமாடிகளில் ரொட்டி உப்புதல்: சில பூர்வாங்க அவதானிப்புகள்

வீட்டில் ரொட்டி சுடுவது பற்றி உலகெங்கும் புத்தகங்கள் மலிந்து கிடக்கின்றன. ஆனால் ஹைதராபாத் சனத்நகரில் இரண்டு படுக்கையறை வீட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் அதே காரியத்தில் இறங்கும்போது என்ன ஆகிறது என்பது குறித்து ஒரு கருத்தரங்கும் கூடியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ரொட்டி என்று இங்கே சொல்வது மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு நான்கும் சேர்ந்த சாதா பிரெட்டை. சப்பாத்தி நம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறது. பரோட்டாவுக்குத் தனி ஆணையமே அமைக்க வேண்டும்.

முதல் தடை இட்லி மாவு. புளிக்கிற பொருள் எதுவானாலும் அதை இட்லி மாவுச் சட்டத்தின் கீழ் விசாரிப்பதே தமிழ்ச் சமையலறையின் மரபு. "ராத்திரி கரைச்சு வெச்சா காலைல பொங்கிடும்" என்பது அச்சட்டத்தின் முதல் பிரிவு. மே மாதம் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் சனத்நகரில், பிசைந்த ரொட்டி மாவு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரு மடங்காகிவிடும். விடியும்வரை விட்டால் அமுங்கி, சாராய வாடையோடு பாத்திரத்தில் ஒட்டிக் கிடக்கும். ஜனவரியிலோ அதே மாவு அசைய மறுக்கும். புத்தகங்கள் 'அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம்' என்கின்றன. யாருடைய அறை என்பதுதான் கேள்வி.

இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லூகோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று 1965-ல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் கட்டுரை வந்தது. அது உளுந்தோடு இலவசமாக வந்து சேர்கிறது. ரொட்டிக்கான ஈஸ்டைக் காசு கொடுத்துப் பாக்கெட்டில் வாங்க வேண்டியிருக்கிறது. இலவசமாக வந்தது ஒழுங்காக வேலை செய்ய, சம்பளம் வாங்குவது முரண்டு பிடிப்பது நிர்வாகவியல் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அளவு விஷயத்தில் இரு தரப்பு உண்டு. தராசுக் கட்சி அரை கிலோ மைதாவுக்கு 310 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட் என்று கணக்குச் சொல்லும். கண்ணளவுக் கட்சி அதைக் கேட்டுச் சிரிக்கும். சாம்பாரில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போட்டுச் சமாளிக்கலாம் என்பது அதன் நம்பிக்கை. ரொட்டியில் உப்பு கூடினால் ஈஸ்ட் முடங்கும், குறைந்தால் மாவு தளரும், கிழங்குக்கு அங்கே வேலையில்லை. இவ்விஷயத்தில் இந்த ஆய்வாளர் தராசின் பக்கம்.

பிசைந்தது போதுமா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, இரு கை விரல்களாலும் நாலா பக்கமும் மெல்ல இழுத்து, சமையலறை ஜன்னலுக்கு நேரே பிடிக்க வேண்டும். கிழியாமல் ஜவ்வாகி, எதிர் பால்கனியில் காயும் லுங்கியின் கட்டம் மங்கலாகத் தெரிந்தால் பசைப்புரதம் தயார். கோதுமை மாவில் இது சுலபத்தில் வராது, தவிடு ஜவ்வை அறுத்துவிடும்.

ஓவன் இல்லாத வீட்டில் குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு வேகவைக்கிறார்கள். நடக்கிறது. மேல்பக்கம் சிவக்காது, அவ்வளவுதான்.

சமூகவியல் பகுதிக்கு வருவோம். ரொட்டி வாசனை மாடிப்படியில் இறங்கியதும் கீழ்வீட்டு மாமி ஏறி வந்து கேட்பது, "ஏம்மா, யாருக்காவது காய்ச்சலா?" தமிழர் கணக்கில் ரொட்டி நோயாளி ஆகாரம். கூப்பிடு தூரத்தில் இஎஸ்ஐ மருத்துவமனை வேறு இருப்பதால் சந்தேகம் வலுக்கிறது. இந்திய அரசே 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் என்று கம்பெனி தொடங்கி ரொட்டி சுட்டது. அதன் 74 சதவீதப் பங்குகளை 2000-ல் இந்துஸ்தான் லீவருக்கு விற்றது. அத்தனை வருஷம் சர்க்கார் ரொட்டி சாப்பிட்டும் மாமியின் கருத்து மாறவில்லை.

சூடு பற்றியும் தகராறு. இட்லியை ஆவி பறக்கத் தின்ன வேண்டும். ரொட்டியை ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே களியாக இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் குடும்ப உறவுகள் அடையும் சேதம் தனி ஆய்வுக்குரியது.

மீந்ததை ஃபிரிட்ஜில் வைப்பது பெரும்பிழை. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும், வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் ரொட்டி வறண்டுபோகும். இந்தியாவுக்கு ஃபிரிட்ஜ் செய்து கொடுத்த ஹைதராபாத் ஆல்வின் தொழிற்சாலை இதே சனத்நகரில் இருந்தது என்பதால், இதை இங்கே உரக்கச் சொல்வது உசிதமல்ல. தவிர, ஹைதராபாத் கல்யாண வீடுகளின் டபுள் கா மீட்டாவுக்கு வறண்ட ரொட்டிதான் தோது. நெய்யில் பொரித்துப் பாலும் சர்க்கரைப் பாகும் ஊற்றினால் புது ரொட்டி கூழாகிவிடும், காய்ந்தது தாங்கும். ஆகவே ரொட்டியை வேண்டுமென்றே ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று வாதிட இடமுண்டு. நெய் எவ்வளவு என்பதில் மட்டும் ஆய்வாளருக்கும் வீட்டாருக்கும் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை.