விரல் வேகமும் வியூகமும்

2000-களின் தொடக்கத்தில் எங்கள் ஊர் பிரௌசிங் சென்டருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மெயில் பார்க்க யாரும் வர மாட்டார்கள். இருக்கிற கம்ப்யூட்டர்களை எல்லாம் லேனில் இணைத்து ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆரம்பித்துவிடுவோம். 1999-இல் வந்த ஆட்டம். மூன்று வேலையாட்களையும் ஒரு குதிரை வீரனையும் வைத்துத் தொடங்கி, ஊரைக் கட்டி, படை திரட்டி, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். வியூக ஆட்டம் என்றுதான் பெயர். ஆனால் எங்களில் ஜெயித்தவன் எப்போதும் கை வேகமானவன்தான்.

ஃபார்மை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபார்ம் போட 60 மரம் வேண்டும். ஆரம்பத்தில் அதில் 175 உணவு விளையும். விளைந்து தீர்ந்ததும் நிலம் வறண்டுபோகும். வேலையாள் சும்மா நின்றுவிடுவான். அவனைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் இன்னொரு 60 மரத்தைக் கொட்டி மறுபடி போடச் சொல்ல வேண்டும். இருபது ஃபார்ம் இருந்தால் இருபதும் வெவ்வேறு நேரத்தில் தீரும். எல்லையில் வில்லாளிகளை நகர்த்திக்கொண்டிருக்கும்போது வீட்டில் பாதிப் பேர் பட்டினிக்கு வழி செய்துகொண்டு நிற்பார்கள். இதற்கு முந்தைய, 1997-இல் வந்த முதல் ஆட்டம் இன்னும் கொடுமை. ஒரு வேலையாள் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவனைக் கேட்கலாம். ஐந்து பேரை வரிசையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிற வசதி, 1998-இல் ‘ரைஸ் ஆஃப் ரோம்’ என்ற அதன் விரிவாக்கம் வந்த பிறகுதான் கிடைத்தது.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருந்தான். வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில், “ஆத்தைத் தாண்டி இந்தப் பக்கமாத்தான்டா வருவானுங்க” என்பான். அப்படியே வருவார்கள். யார் யாரை முதலில் தாக்க வேண்டும், எந்தத் தங்கச் சுரங்கத்தைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் மௌஸில் கை மெதுவாகத்தான் ஓடும். அவன் நினைத்ததைச் செய்து முடிப்பதற்குள் அவன் ஊர் எரிந்துகொண்டிருக்கும். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டான். எங்களில் வியூகம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வியூக ஆட்டத்தில் அவனுக்குத்தான் இடமில்லை.

இன்று அண்ணன் மகள் அதே ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறாள். 2019-இல் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’. அவள் இந்த வகை ஆட்டம் எதையும் இதற்கு முன் தொட்டதில்லை. முதல் நாள் பத்து நிமிடத்தில் கேட்டாள்: “சித்தப்பா, இவ்வளவையும் ஒரே நேரத்துல எப்படிப் பார்த்துக்கறது?”

பார்த்துக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான் இன்றைய பதில். ஒரு பொத்தானை அழுத்தி வைத்தால், மரம் இருக்கும்வரை ஃபார்ம் தன்னால் மறுபடி விதைக்கப்படும். குதிரை வீரனை ‘ஆட்டோ ஸ்கவுட்’ செய்துவிட்டால் அவனாகவே வரைபடத்தைச் சுற்றி வந்து காட்டுவான். கணினிக்கு எதிராகத் தனியாக ஆடும்போது வேகத்தை 1.7-இலிருந்து 1.0-க்கு இறக்கிக்கொள்ளலாம்.

இந்த வசதிகளோடு அவள் ஆடியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் படையெடுப்பு வருவதற்கு முன் வரைபடத்தை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வடக்கே இரண்டு காடுகளுக்கு நடுவில் ஒரு சந்து; அதன் பின்னால் சின்ன மேடு. சந்தில் சுவர் எழுப்பி, மேட்டில் வில்லாளிகளை நிறுத்தினாள். மேட்டிலிருந்து கீழே விழும் அடிக்கு 25 சதவீதம் வலு கூடுதல் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்து அவளாக எடுத்த முடிவு அது. எதிரி சுவரை முட்டிக்கொண்டிருக்க, அம்புகள் விழுந்தபடி இருந்தன. நாங்கள் ராத்திரி ராத்திரியாக ஆடியும் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று பார்க்க நேரம் வாய்த்ததே இல்லை. ஃபார்ம்தான் தின்றது அந்த நேரத்தை.

பழைய ஆட்டக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘மைக்ரோ’, அதாவது ஒவ்வொரு வீரனையும் நொடிக்கு நொடி கையால் நடத்துவது, இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்பார்கள். இதே வகை ஆட்டமான ‘ஸ்டார்கிராஃப்ட்’டில் நிமிடத்துக்கு 300 கட்டளைக்கு மேல் கொடுக்கும் கொரிய வீரர்களின் விரல்கள் ஒரு கலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. கவண் பொறியிலிருந்து கல் கிளம்பிய நொடியில் வில்லாளிகளை இரண்டாகப் பிரித்துத் தப்ப வைப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் கச்சேரி மேடையில் கேட்கிற பிருகாவைப் பாட்டு வகுப்பின் முதல் நாளில் யாரும் கேட்பதில்லை. வறண்ட நிலத்தில் அறுபதாவது முறை கிளிக் செய்வதில் கலை என்ன இருக்கிறது? அது வெறும் கூலி வேலை.

ஆட்டம் செய்கிறவர்களுக்கும் இது புரிந்திருக்கிறது. 2007-இல் வந்த ‘சுப்ரீம் கமாண்டர்’ போர்க்களம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டியது. தொழிற்சாலைக்கு ஒரு முறை சொன்னால் அது திரும்பத் திரும்பப் படை தயாரித்துக்கொண்டே இருக்கும். 2010-இன் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’-இல் கனிமத்தை ஒரு முறை குறித்துவிட்டால், புதிதாக வரும் வேலையாள் தானாகவே கனிமம் வெட்டப் போய்விடுவான். 2023-இன் ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 3’-இல் தனியாக ஆடும்போது போரை நிறுத்தி வைத்து, நிதானமாக யோசித்து உத்தரவு போடலாம்.

ஆகவே, இந்த வகை ஆட்டத்தைப் புதியவர் ரசிக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: இணையத்தில் தரவரிசைக்காக ஆடும் இடத்தில் விரல் வேகத்துக்குத்தான் இன்னும் மரியாதை. முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’-இல் உள்ள வில்லியம் வாலஸ் பாடங்களில் தொடங்குங்கள். அவை கற்றுக்கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கை பழகியதும் 2022-இல் சேர்ந்த ராஜேந்திர சோழன் படையெடுப்புக்கு வாருங்கள். திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கிறது. பிறகு இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கணினிக்கு எதிராக ஆடுங்கள்.

பழைய ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது புதிதாக ஆட உட்கார்ந்தால், ஷார்ட்கட் பட்டியலை நீட்டாதீர்கள். வேகத்தை 1.0-இல் வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா இருங்கள்.