அடுப்பங்கரைப் பாடு

பழவேற்காட்டைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள், 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையிலிருந்தோ, குளிர்காலத்தில் வந்து ஏரியில் ஒற்றைக்காலில் தவமிருக்கும் பூநாரைகளிடமிருந்தோ தொடங்குவது சம்பிரதாயம். கோட்டை இருந்த இடத்தில் இப்போது முட்புதர்தான் மிச்சம். பூநாரைக்கோ இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. ஆகையால் நான் பாட்டிலிருந்து தொடங்குகிறேன். சங்கீதம் அன்று, பாடு.

ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த நீரில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சண்டைக்கு இடமில்லாமல் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் புராதன ஏற்பாட்டுக்கு எங்கள் குப்பங்களில் பாடு என்று பெயர். அதில் பங்கு பெறத் தகுதி உள்ளவர் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். பாடு ஆணுக்கு, படுகிற பாடு பெண்ணுக்கு என்று எங்கள் மூதாதையர் வெகு காலத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டபடியால், அதைக் குறித்து நானும் வெகு காலம் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவள் ஒரு நர்ஸம்மா. என் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, வார்டு நடுவில் நின்றுகொண்டு இறால் விலையைப் பற்றி உரக்கப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரை, அந்தப் பெண், "வெளியே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல, பதினைந்து வருஷமாக நான் ஆயிரம் வார்த்தை சொல்லியும் அசையாத அந்த மனிதர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். இந்த வித்தையைக் கற்றே தீருவது என்று அக்கணமே சங்கற்பம் செய்துகொண்டேன். சேவை மனப்பான்மையெல்லாம் அப்புறம் வந்ததுதான், உண்மையை மறைப்பானேன்?

எனக்கு அப்போது வயது 34. செவிலியர் டிப்ளமோவுக்கு விண்ணப்பத்தில் அச்சிட்டிருந்த உச்ச வயது 35. கல்யாணத்துக்கு முன் பிளஸ் டூவில் உயிரியல் படித்துத் தேறிய சான்றிதழ், டிரங்குப் பெட்டியின் அடியில் பாச்சை உருண்டையோடு பத்திரமாக இருந்தது. நண்டு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலையை விட முடியாது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து எழுதித் தருவதாக முதலாளியிடம் பேசி முடித்தேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில், பிறகு பத்து நிமிஷ நடை என்று என் வித்தியாப்பியாசம் ஆரம்பமாயிற்று.

முதல் நாள் வகுப்பில் நான் நுழைந்ததும் நாற்பது பெண்கள் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். நான் மிஸ் அல்ல, கடைசி பெஞ்சு என்று விளக்கிவிட்டு உட்காருவதற்குள் உண்மையான மிஸ் வந்துவிட்டார். அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். நைட்டிங்கேல் அம்மையார் 1851-இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊருக்குப் பயிற்சிக்குப் போனபோது அவருக்கு வயது 31 என்றும், நம் சென்னைப் பொது மருத்துவமனையிலேயே 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது என்றும், படிப்புக்கு வயது தடையில்லை என்றும் என்னைப் பார்த்தே அவர் சொன்னார். சந்தோஷம்தான். ஆனால் நைட்டிங்கேல் அம்மையார் கிளம்புமுன் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவிட்டுப் போனதாகச் சரித்திரம் சொல்லவில்லை.

பாடங்களில் எனக்குக் கணக்குதான் சத்துரு. 500 மில்லி திரவம் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 15 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? விடை 31. எனக்கு 29 வந்தது. கம்பெனிப் பழக்கத்தில், எடையிலிருந்து கூடைக் கழிவை முதலில் தள்ளிவிட்டிருந்தேன்! கட்டுப் போடும் வகுப்பில் மாத்திரம் நம் கை ஓங்கும் என்று நம்பினேன். சிங்கப்பூருக்கு உயிரோடு போகிற நண்டுகளின் கொடுக்கை மடக்கிக் கயிற்றால் கட்டிப் பழகிய கை அல்லவா? பொம்மையின் முழங்கையைச் சுற்றி நான் போட்ட கட்டை மிஸ் இழுத்துப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், கடைசியில் கத்தரிக்கோல் கேட்டார். "நோயாளியை ஏற்றுமதி செய்யப் போறீங்களா அக்கா?" என்றார்.

நிற்க. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போன முதல் நாள், சுவரில் ஒட்டியிருந்த டியூட்டி லிஸ்டைப் பார்த்தேன். காலை, மாலை, இரவு. இன்னாருக்கு இன்ன வார்டு. அடுத்த வாரம் மாறும். ஒருவருக்கே நல்ல இடம் நிலைக்காது, ஒருவர் தலையிலேயே கெட்ட இடமும் விடியாது. அட, இது நம் பாடு அல்லவா! ஏரியைப் பங்கு போடத் தெரிந்த எங்கள் ஊருக்கும், வார்டைப் பங்கு போடத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கும், நடுவே கிடக்கும் என் அடுப்பங்கரை மாத்திரம் ஏன் ஒருத்திக்கே சாசனமாக இருக்க வேண்டும்?

அன்றிரவே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் சீட்டு எழுதினாள். பால் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். "அடுப்புக்குச் சீட்டு குலுக்கற வூட்ட நான் கண்டதே இல்லடியம்மா," என்று மாமியார் முகவாயில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்காரரோ, பாட்டை ஆட்சேபித்தால் தலைக்கட்டின் மரியாதை என்ன ஆவது என்ற தர்மசங்கடத்தில் சிக்கி, ஒரு சீட்டை எடுத்தார். செவ்வாய், வெள்ளி இராச்சமையல் அவர் பாடு.

முதல் செவ்வாய்ச் சோறு கஞ்சியா களியா என்று மாமியாராலேயே நிர்ணயிக்க முடியவில்லை. இரண்டாவது செவ்வாய், வீட்டுக்காரர் உலையில் அரிசி போடப் போகிற சமயம், வாசலில் கூச்சல். பக்கத்துத் தெருப் பையனைத் திருக்கை முள் குத்திவிட்டது. பள்ளியில் சேர்ந்த மறுநாளிலிருந்தே ஊருக்கு நான் டாக்டரம்மா ஆகிவிட்டபடியால், நேரே என் திண்ணைக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். திருக்கை விஷத்தின் வலி சூட்டில் தணியும். "வெந்நீர்!" என்றேன். உலை இறங்கியது. பச்சைத்தண்ணீர் கலந்து, முதலில் என் முழங்கையை விட்டுப் பார்த்துப் பொறுக்கும் சூடுதான் என்று நிச்சயித்துக்கொண்டு, பையனின் பாதத்தை அதில் அமிழ்த்தினேன். ஆற ஆற வெந்நீர் வந்துகொண்டே இருந்தது. அரை மணிக்கெல்லாம் அலறல் முனகலாயிற்று. காயத்தில் முள் தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். திண்ணையைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு வைத்தியம் சொன்ன கூட்டத்தைப் பார்த்து, "வெளியே" என்றேன். போனார்கள்!

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் போகவில்லை. ஒன்பது சொம்பு வெந்நீர் போட்டுத் தந்திருப்பதால் தம் பாடு முடிந்துவிட்டது என்றும், சோறு அடுத்த பாட்டுக்காரருடையது என்றும் வாதாடினார். வழக்கு மகளிடம் போயிற்று. அவள் நோட்டைப் புரட்டி, பென்சிலை நாக்கில் தொட்டு, "வெந்நீர், அப்பா, ஒன்பது சொம்பு" என்று எழுதிவிட்டு, "சோறு, பாக்கி" என்று கீழே கோடு போட்டாள்.