நாட்செஸ்: உடையார்பாளையத்துக்கு ஒரு கடிதம்

மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஏறத்தாழ 200 அடி உயர மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது நாட்செஸ். கோடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொள்ளிடத்தைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆற்றைப் புரியவைப்பது கஷ்டம். சித்திரையிலும் தண்ணீர் ஓடும். ஒன்றோடொன்று பிணைத்த சரக்குத் தோணிகளை ஒற்றைப் படகு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

ஊருக்கு வர அழகான வழி, நாஷ்வில் பக்கத்திலிருந்து வரும் 444 மைல் சாலை. லாரிக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, 50 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. சுங்கச்சாவடியும் இல்லை. சுங்கத்துக்குப் பயந்து மிளகைப் பயறு என்று சொல்லி, மூட்டை நிஜமாகவே பயறாகிப்போன வணிகர் இந்த வழியாக வந்திருந்தால் உடையார்பாளையத்துப் பயறணீஸ்வரருக்கு வேலையே இருந்திருக்காது.

பழைய நாளில் இந்தச் சாலை நடைபாதை. ஒஹையோ ஆற்றுப் பக்கத்துப் படகுக்காரர்கள் மாவும் சாராயமும் ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தோடு இறங்கி வருவார்கள். அந்த மரப்படகு எதிரோட்டத்தில் ஏறாது. அதனால் சரக்கை விற்ற கையோடு படகையும் பலகை விலைக்குத் தள்ளிவிட்டு, நூற்றுக்கணக்கான மைல் நடந்தே ஊர் திரும்பினார்கள். நீராவிக் கப்பல் வந்த பிறகுதான் அவர்கள் கால் ஓய்ந்தது.

1716இல் இங்கே கோட்டை கட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மண்ணுக்குரிய நாட்செஸ் மக்கள் 1729இல் எதிர்த்து எழுந்து, பிறகு சிதறடிக்கப்பட்டார்கள்; ஊரில் அவர்கள் பெயர் நின்றது. அடுத்து பிரிட்டன், ஸ்பெயின், 1798இல் அமெரிக்கா.

சுற்றுலாக்காரர்கள் வருவது மாளிகைகளுக்காக. மாளிகைக்குக் காசு பருத்தி தந்தது. பருத்தியை அடிமைகள் விளைவித்தார்கள். அவர்களை விற்ற சந்தை ஊர் எல்லையில் இருந்தது; தென் மாநிலங்களின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று. இப்போது அங்கே தகவல் பலகைகளும் கான்கிரீட்டில் பதித்த விலங்குச் சங்கிலிகளும் இருக்கின்றன. முதலில் இங்கே நின்றுவிட்டு மாளிகைக்குப் போவதே முறை. பலரும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள்.

மாளிகைகளில் விசித்திரமானது லாங்வுட். எட்டுப் பக்கச் சுவர், உச்சியில் வெங்காயம் போன்ற குவிமாடம். 1860இல் வேலை தொடங்கியது. மறு ஆண்டு உள்நாட்டுப் போர் வந்ததும் பிலடெல்பியாவிலிருந்து வந்திருந்த தச்சர்கள் கருவிகளைப் போட்டபடி ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். 32 அறைகளில் கீழ்த்தளத்து ஒன்பது மட்டுமே முடிந்தன. முதலாளி ஹாலர் நட் 1864இல் இறந்தார். குடும்பம் கீழேயே குடியிருந்தது. சிங்கப்பூர்ப் பணம் நின்றுபோய், மாடிக்கு விட்ட கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அதே போரில் அமெரிக்கப் பஞ்சு கிடைக்காமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தபோது, இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது தனிக் கதை.

சாப்பாட்டு விஷயம். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் கோழித்தீவனத்துக்குப் போகும். இங்கே அதை உடைத்து வெண்ணெய் போட்டுக் கிண்டி, கிரிட்ஸ் என்று காலையில் மனிதர்களுக்கே பரிமாறுகிறார்கள். ருசி மோசமில்லை, ஊறுகாய் கைவசம் இருந்தால். தமாலே என்பது சோள மட்டையில் சுற்றி அவித்த கொழுக்கட்டை. பூரணம் தேங்காய் என்று நம்பிக் கடிக்கக் கூடாது, உள்ளே இறைச்சி. டீ என்று கேட்டால் ஒரு சொம்பு அளவுக்கு ஐஸ் மிதக்கும் சர்க்கரைத் தண்ணீர் வரும். சூடாக வேண்டும் என்று தனியாகச் சொன்னால் வெந்நீரும் நூல் கட்டிய பொட்டலமும் வரும். ஆற்றித் தர ஆள் வராது.