பெரிய லேப்டாப் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?

18 அங்குலத் திரையும் மூன்றரைக் கிலோ எடையும் கொண்ட லேப்டாப்பை வாங்கலாமா என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்ல உலகம் எப்போதும் தயாராக இருக்கிறது. பிராசஸரில் எத்தனை கோர், ரேம் எவ்வளவு, திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்று அட்டவணை போட்டுக் காட்ட ஆளில்லாத ஊர் இல்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு கேள்வியை யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. இந்தப் பொருள் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா? வீடியோ எடிட் செய்கிறவர், கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவர், பிளெண்டரில் உருவங்கள் செய்கிறவர் என எல்லோரும் இந்த வகைப்பாட்டைச் செய்யாமலே லட்சக்கணக்கில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். ஒரு சென்ட் மனை வாங்க முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழ் கேட்கும் சமூகம், இங்கே மட்டும் பில்லையும் வாரண்டி அட்டையையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறது. அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

எடையை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்பார் உண்டு. சுங்க இலாகாக்கள் அந்த வழியை ஏற்கெனவே முயன்றிருக்கின்றன. சரக்குகளை எண்களால் வகை பிரிக்கும் பன்னாட்டுப் பட்டியலில், 8471.30 என்ற எண்ணின் கீழ், எடுத்துச் செல்லத்தக்க கணினி எது என்பதற்கு வரையறை இருக்கிறது. பிராசஸர், கீபோர்டு, திரை மூன்றும் இருக்க வேண்டும். எடை 10 கிலோவைத் தாண்டக் கூடாது. மிகத் தாராளமான மனசு. 1981-இல் வந்த ஆஸ்பர்ன் 1, ஐந்தங்குலத் திரையோடு ஏறக்குறைய 11 கிலோ இருந்தது, பேட்டரியும் கிடையாது. எடுத்துச் செல்லும் கணினி என்றே விற்கப்பட்ட அது இந்தத் தேர்வில் ஒரு கிலோவில் தோற்றுவிடும். 2006-இல் டெல் கொண்டுவந்த எக்ஸ்பிஎஸ் எம்2010, 20 அங்குலத் திரையும் தூக்குவதற்கு ஒரு கைப்பிடியும் வைத்து 8 கிலோ சொச்சம், தேறிவிடும். வளைந்த 21 அங்குலத் திரை, இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு அடாப்டர் என்று வந்த ஏசர் பிரிடேட்டர் 21 எக்ஸ் இயந்திரமும் 8 கிலோவைத் தாண்டியும் தேறிவிடும். ஆனால் அதே இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மதுரை விமானத்தில் ஏறப் போனால், கைப்பைக்கு 7 கிலோதான் என்று நிறுத்திவிடுவார்கள். சுங்கம் அசையும் என்கிறது, விமான கவுன்டர் அசையாது என்கிறது. இரண்டு அதிகாரிகள் கையில் இரண்டு விதமாகக் காட்டும் தராசு ஆய்வுக்கு உதவாது.

சட்டம் இதைவிட நுட்பமானது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், மண்ணில் வேரூன்றிய மரத்தையும், மண்ணில் பதிந்த சுவரையும், அந்தச் சுவரில் பொருத்திய பொருளையும் மண்ணோடு பிணைந்தவையாகக் கொள்கிறது. கடைசி வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எதில் பொருத்தினோமோ, அதன் நிரந்தர அனுபவத்துக்காகப் பொருத்தியிருக்க வேண்டும். கதவும் ஜன்னலும் அப்படிப்பட்டவை. 400 வாட் அடாப்டர் வழியாகச் சுவரில் பொருந்தியிருக்கும் லேப்டாப்பால் அந்தச் சுவர் என்ன அனுபவிக்கிறது? பின்பக்க ஃபேன் ஊதும் வெந்நீர்க் கொப்பரை ஆவி போன்ற காற்றைத் தவிர ஒன்றுமில்லை. எனவே சுவர் வழியில் வழக்கு நிற்காது. மரத்தின் வழியில் நிற்கும். மரங்களிலேயே சட்டம் இரண்டு இனம் பார்க்கிறது. பழத்துக்கும் நிழலுக்குமாகத் தொடர்ந்து நிற்கப்போகும் மரம் அசையாச் சொத்து. சீக்கிரமே வெட்டித் தடியாக்குவதற்கென்று நிற்கும் மரம், வேர் இன்னும் மண்ணில் இருந்தாலும், அசையும் சொத்து. 1958-இல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் இந்த வேறுபாட்டை விரிவாக எழுதினார். மரத்தை மட்டும் பார்த்து இன்ன இனம் என்று சொல்லிவிட முடியாது, அதை வைத்திருக்கிறவரின் உத்தேசத்தையும் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது. பெரிய லேப்டாப்பை அளக்க இதைவிடப் பொருத்தமான கோல் வேறு கிடைக்கப்போவதில்லை.

முதலில் அது வேர் விடும் விதத்தைக் கவனிப்போம். வாங்கிய புதிதில் ஒரே ஒரு கம்பிதான், அடாப்டருடையது. திரை எவ்வளவு பெரிதானாலும் மேசை மட்டத்திலேயே இருப்பதால், நாள் முழுக்கக் குனிந்து டைம்லைன் பார்க்கிறவருக்குக் கழுத்து வலி வருகிறது. அடியில் ஒரு ஸ்டாண்டு வைக்கிறார். ஸ்டாண்டில் ஏறியபின் கீபோர்டு கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகிறது. தனிக் கீபோர்டும் மௌஸும் வருகின்றன. நிறம் சரிபார்க்க ஒரு மானிட்டர், பேக்கப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், படம் வரைய ஒரு பென் டேப்லெட். ஒரு டாக் வாங்கி எல்லாவற்றையும் ஒரே கம்பியில் சேர்த்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார். யுஎஸ்பி-சி வழியாக உச்சபட்சம் 240 வாட்தான் அனுப்ப முடியும், பெரும்பாலான டாக்குகள் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆகையால் மூல அடாப்டர் அங்கேயே இருக்கும். கடைசியில் மூடிய லேப்டாப்பின் மேல் பில்லும் கண்ணாடிக் கூடும் வைக்கிற நிலை வரும். அப்போது அது முழு மரம்.

வேர்களை எல்லாம் உடம்புக்குள்ளேயே இழுத்துக்கொள்ள ஒரு முயற்சி நடந்ததை இங்கே பதிவு செய்தாக வேண்டும். 2008-இல் லெனோவோ வெளியிட்ட திங்க்பேட் டபிள்யூ700 லேப்டாப்பில், உள்ளங்கை வைக்கிற இடத்திலேயே வாக்கம் (Wacom) கம்பெனியின் டேப்லெட் பதித்திருந்தது. பக்கத்திலேயே நிறம் அளக்கும் சென்சார் ஒன்று. மூடியைச் சாத்தினால் திரை தனக்குத் தானே நிறங்களைக் காட்டும். கீழிருக்கும் சென்சார் அவற்றைப் படித்துத் திரையைத் திருத்தும். டிஎஸ் என்ற வகையில், பெரிய திரையின் பின்னாலிருந்து பத்தங்குலச் சொச்சத்தில் இரண்டாவது திரை ஒன்றை இழுத்துக்கொள்ளலாம். மொத்தம் ஏறத்தாழ 5 கிலோ. போட்டோகிராபரின் மேசையை அப்படியே மடித்து வைத்தது போன்ற அந்த இயந்திரத்தை இவ்வாய்வு மிகுந்த மரியாதையோடு நோக்குகிறது. 2010-இல் வந்த அடுத்த பதிப்போடு இழுக்கும் திரை நின்றுபோனது. மேசையை எடுத்துச் செல்லலாம் என்றாலும், எடுத்துச் செல்ல விரும்பியவர்கள் போதவில்லை போலும்.

இனி பேட்டரி. பயணிகள் விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணி என்பது எல்லை. அதனால்தான் பெரிய லேப்டாப்புகளின் பேட்டரி 99.9 என்று செருப்பு விலை மாதிரி நிற்கிறது. முழு மூச்சில் 300 வாட் கேட்கும் இயந்திரத்துக்கு இந்த 100 வாட்-மணி, கணக்குப்படி, 20 நிமிடம். நடைமுறையில் அந்த 20 நிமிட முழு மூச்சும் கிடைக்காது. பிளக்கைப் பிடுங்கியதுமே இயந்திரம் தன் வேகத்தைத் தானே பாதிக்கும் கீழே இறக்கிக்கொள்ளும். அப்படியானால் பேட்டரி எதற்கு என்று கேட்கிறவர் தமிழ்நாட்டு மின்வாரியத்தின் அறிவிப்புகளைப் படிக்காதவர். டவர் கம்ப்யூட்டரில் ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால், வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற கண நேர இடைவெளியிலேயே அது ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். தனி யுபிஎஸ் வாங்க வேண்டும், அதற்குள் பேட்டரி மாற்ற வேண்டும். பெரிய லேப்டாப்பில் அந்த இடைவெளியே இல்லை. விளக்கு அணைகிறது, அறையில் மின்விசிறி நிற்கிறது, லேப்டாப்பின் இரைச்சல் சற்றுத் தாழ்கிறது, ரெண்டர் பட்டை நின்றுவிடாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அது பயணத்துக்கான பேட்டரி அல்ல, வீட்டுக்குள்ளேயே இருப்பதற்கான பேட்டரி. அசையாமைக்கு இதைவிட வலுவான சாட்சியம் தேவையில்லை.

இந்த இடத்தில் டவர் கட்சியார் எழுந்து நிற்பார்கள். அசையாத பொருள்தான் வேண்டுமென்றால், அதே காசுக்கு ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த டவர் இதைவிட வேகமாக ஓடுமே என்பார்கள். உண்மை. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 24 ஜிபி நினைவகம், 450 வாட் வரை மின்சாரம். அதே பெயரில் லேப்டாப்புக்குள் இருப்பது டெஸ்க்டாப் 4080 கார்டின் சிப், 16 ஜிபி நினைவகம், 175 வாட் வரைதான் மின்சாரம். மூத்தவர் பெயரை இளையவருக்கு வைத்த குடும்பம் இது. பெரிய காட்சியை ரெண்டர் செய்யும்போது நினைவகம் போதாமல் நிற்கிறவருக்கு இந்தப் பெயர் மயக்கம் உடனே தெளியும். டவரில் கார்டைக் கழற்றி மாற்றலாம்; லேப்டாப்பில் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம், கார்டை மாற்ற முடியாது. இத்தனையையும் ஒப்புக்கொண்டபின், டவர் கட்சி மறந்த ஒன்றும் உண்டு. வேலைக்கு எந்தச் சிப் தேவை என்பதே பல சமயம் யாருக்கும் தெரிவதில்லை. இன்றைய கேமராக்கள் பலவும் தரும் ஹெச்.265, 10-பிட், 4:2:2 வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகள் தங்கள் வன்பொருளால் செய்வதில்லை. இன்டெல் பிராசஸருக்குள் ஓரமாக இருக்கும் சின்னக் கிராஃபிக்ஸ் பகுதிதான் செய்கிறது. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் என்விடியா இதைச் சேர்த்தது. காசு கொடுத்த பெரிய கார்டு கைகட்டி நிற்க, கணக்கில் வராத சிறிய கார்டு டைம்லைனை ஓட்டிக்கொண்டிருந்த வீடுகள் ஏராளம். நிறத் திருத்தம், நாய்ஸ் குறைப்பு, முப்பரிமாண ரெண்டர் என்று வரும்போதுதான் பெரிய கார்டுக்கு வேலை. எனவே டவரின் கூடுதல் வலிமை எல்லோருக்கும் ஒரே அளவு லாபமல்ல.

ஆப்பிள் கட்சியார் வேறு திசையிலிருந்து வருகிறார்கள். 16 அங்குல மேக்புக் ப்ரோ 2 கிலோ சொச்சம்தான், பிளக்கைப் பிடுங்கினாலும் வேகம் பெரிதாகக் குறையாது, பிறகு எதற்கு இந்தப் பாரம் என்கிறார்கள். அது ஐயத்துக்கு இடமின்றி அசையும் சொத்து. அதன்மேல் இந்த ஆய்வுக்கு வழக்கே இல்லை. வீடியோ மட்டும்தான் தொழில் என்றால் அதை வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் அதன் நினைவகத்தை வாங்கும் அன்றே முடிவு செய்தாக வேண்டும், பின்னால் ஒரு ஸ்குரூவைக் கழற்றிச் சேர்க்க முடியாது. என்விடியா கார்டை நம்பி எழுதப்பட்ட ரெண்டர் மென்பொருள்களில் பிழைப்பு நடத்துகிறவருக்கும் அது முழுத் தீர்வாகாது. எஞ்சியிருக்கும் இவர்களுக்காகத்தான் பெரிய லேப்டாப் இருக்கிறது.

இவர்களுள்ளும் எல்லோருக்கும் அல்ல. உத்தேசத்தைப் பார்க்கச் சட்டம் சொன்னதல்லவா? பார்ப்போம். காலை முகூர்த்தத்தில் எடுத்ததை மாலை வரவேற்பின் எல்இடி திரையில் போட்டுக் காட்ட வேண்டிய கல்யாண வீடியோக் குழு, மண்டபத்தின் ஒரு மூலை அறையில் கடை விரிக்கிறது. பொள்ளாச்சியில் படப்பிடிப்பு நடக்க, லாட்ஜ் அறையில் அன்றன்றைய காட்சிகளைக் கோத்துப் பார்க்கிற ஸ்பாட் எடிட்டர் இருக்கிறார். 4கே-யில் புரோரெஸ் 422 ஹெச்கியூ என்றால் நொடிக்கு 24 பிரேம் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 318 ஜிபி. அதை இன்டர்நெட்டில் ஊருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது, இயந்திரம்தான் ஃபுட்டேஜிடம் போக வேண்டும். இவர்களுக்கு வேண்டியது பஸ்ஸில் மடியில் வைத்துத் தட்டும் வசதியல்ல. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு, இடையில் காரின் பின் சீட்டில், முழு ஸ்டூடியோவும் ஒரே பையில் போக வேண்டும். அங்கே போனால் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் போதும். மண்டபத்து மணமகள் அறையில் அதற்கு ஹேர் டிரையரோடு போட்டி போட வேண்டியிருக்கும் என்பது வேறு. 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும் அந்தக் கருவிக்கு முன் நம் 400 வாட் பரம சாது. இப்படி வேரோடு பெயர்த்து நடப்படுவதற்கென்றே நிற்கும் மரம் போஸின் பகுப்பில் அசையும் இனத்தைச் சேர்ந்தது. அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயம். வருஷம் முழுக்க ஒரே அறையில் இருந்து, என்றைக்காவது வெளியூர் போனால் உதவும் என்று வாங்கப்படுவது பழமரம். அதை வாங்கியவர் கொடுத்தது போகாத பயணங்களுக்கான டிக்கெட் காசு. டவரும் நல்ல யுபிஎஸ்ஸும் வாங்கியிருக்கலாம்.

வாடகை வீட்டில் இருக்கிறவர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்ய நேரலாமே, அவருடைய உத்தேசம் எதில் சேரும் என்று ஒரு நுண்ணிய ஆட்சேபம் எழக்கூடும். வீடு மாற்றும்போது டவரும்தான் லாரியில் ஏறுகிறது. மாற்றத்தின்போது எல்லாப் பொருளும் அசையும் சொத்துதான், ஆகவே அது சாட்சியமாகாது. அறை பகிர்ந்து இருக்கிறவருக்கும், இரவில் மேசையைச் சாப்பாட்டுக்குக் காலி செய்து கொடுக்க வேண்டியவருக்கும் மட்டும் விலக்கு அளிக்கலாம். தினமும் இரண்டடி தூரம் நகர்வதும் நகர்வுதானே.

உத்தேசம் என்பது மனசுக்குள் இருப்பது; வாங்குகிறவரே தன்னை ஏமாற்றிக்கொள்வது எளிது. வெளியே தெரியும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு மேசைகளுக்கு இடையே உண்மையிலேயே போய்வரப்போகிறவர், லேப்டாப் வாங்கும் அன்றே இரண்டாவது மேசைக்கும் ஓர் அடாப்டர் விலை கேட்பார். ஒரு கிலோவுக்குமேல் எடையிருக்கக்கூடிய அந்தச் செங்கல்லை அவிழ்த்து மாட்டுவதுதான் ஒவ்வொரு முறையும் பயணத்தைத் தள்ளிப்போடவைக்கும் காரியம் என்பது அவருக்குத் தெரியும். கேட்காதவர் அசையாச் சொத்து வாங்குகிறார். கேட்கிறவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 330, 400 வாட் அடாப்டர்கள் சாதாரண அடாப்டரைப்போல் கடைதோறும் தொங்குவதில்லை. லேப்டாப்புக்குப் பேரம் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசி, ஒரே பில்லில் போடச் சொல்லிவிடுவது உத்தமம்.