முன் பிரேக்கைத் தொடாதே ராசா!

வாடா பேராண்டி, ரெண்டாம் ஷிப்டா? நேரம் கிடக்கு, ஒக்காரு. ரெண்டு டீ சொல்லு. துட்டு நீ குடு, புத்தி நான் குடுக்கறேன்.

உன் வண்டியைச் சுத்திப் பாத்துட்டுதான் வந்தேன். அடேங்கப்பா, என்னமா வெச்சிருக்கே! முன் பிரேக்கு லீவர் மேல ஒரு விரக்கடை தூசி. டிஸ்க்கு தகடு துருவேறி செவசெவன்னு கீது. பின் பிரேக்கு பெடல் மட்டும் மிதிபட்டு மிதிபட்டு வழுவழுன்னு ஆயிப்போச்சு. பின் டயரு ஒரு பக்கமா தேஞ்சு சப்பையாக் கிடக்கு, தேச்சு இழுத்துக்கினு நிக்கற வழக்கம் போல.

அப்படியே இருக்கட்டும். முன் பிரேக்கைத் தொடாதே. நாளைக்கு விக்கும்போது "கம்பெனில பூட்டினது பூட்டினபடி இருக்கு"ன்னு சொல்லி ஆயிரம் ரூபா கூடக் கேக்கலாம். விக்கறதுக்கு நீ இருக்கணும், அது வேற கதை.

முன்னாடி புடிச்சா குப்புறத் தள்ளிடும்னு உங்க அப்பன் சொன்னானா? சொல்லுவான். அவன் ஓட்டிப் பழகினது பழைய புல்லட்டு. திருவொற்றியூர்ல 1955-லேர்ந்து செஞ்ச வண்டி. வலது காலுக்கு கியரு, இடது காலுக்கு பிரேக்கு. முன்னாடி இருந்த டிரம் பிரேக்கு, ஊர்ப் பெரியவங்களைக் கலந்து பேசிட்டுத்தான் புடிக்கும். அந்தக் கம்பெனியே 2013-ல நம்ம ஒரகடத்துக்கு வந்தாச்சு, 2017-ல வல்லம் வடகாலுக்கும் போயாச்சு. உங்க அப்பன் புத்தி மட்டும் திருவொற்றியூரை விட்டு நகரலை.

பிரேக்கு புடிச்சதும் முன் ஃபோர்க்கு அமுங்குமே, பாத்திருக்கியா? நீ எங்க பாத்தே! வண்டி பாரம் பூரா முன்னாடி சாயறதாலதான் அது அமுங்குது. பாரம் ஏறின முன்சக்கரம் ரோட்டைக் கவ்வும். பின்சக்கரம் லேசாயிடும், மிதிச்ச உடனே பூட்டிக்கினு வாலை ஆட்டும். வண்டியை நிறுத்தற பலத்துல நூத்துக்கு எழுபது பங்கு முன்னாடிதான்டா.

அறுபதுல போறே, நொடிக்கு 17 மீட்டர் ஓடுது. காஞ்ச ரோட்டுல ரெண்டையும் சரியாப் புடிச்சா, புடிச்ச எடத்துலேர்ந்து சுமாரா 20 மீட்டர்ல நிக்கலாம். பின்னாடி மட்டும் மிதிச்சா அதுபோல ரெண்டு பங்கு. மிச்சம் 20 மீட்டர்ல இன்னா இருக்கும்ன்றே? சிங்கபெருமாள்கோவில் ரோட்டோரம், பின்விளக்கு இல்லாம ஒரு கன்டெய்னர் நிக்கும். டிரைவர் தூங்கிக்கினு இருப்பான். நீ போய் எழுப்புவே.

"ஏ.பி.எஸ். இருக்கு தாத்தா"ன்றே. இருக்கும், இருக்கும். 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சி.சி.க்கு மேல வர்ற புது வண்டிக்கெல்லாம் சட்டமே அதான். அது எந்தச் சக்கரத்துக்குன்னு குனிஞ்சு பாத்தியா? உன் வண்டியில முன்சக்கரத்துக்கு மட்டும். பூட்டிக்காம காபந்து பண்றது முன்சக்கரத்தை. நீ உசுரைக் குடுத்து மிதிக்கறது காபந்தே இல்லாத பின்சக்கரத்தை. இன்னா ஒரு சாமர்த்தியம்! உனக்குப் போயி ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டு குடுத்தாங்களே.

புடிக்கறதுக்கும் பக்குவம் வேணும். லீவரை வெடுக்குன்னு இழுத்தா உங்க அப்பன் சொன்னது நிஜமாயிடும். உங்க ஆயா பால் கறக்கறதைப் பாத்திருக்கியே, அந்த மாதிரி. முதல்ல லேசா அமுக்கு, ஃபோர்க்கு இறங்கட்டும், அப்புறம் இறுக்கு. காலும் கூடவே மிதிக்கணும், ஆனா அளவா. பின்னாடி ஆள் ஒக்காந்திருந்தா பின்சக்கரத்துல பாரம் இருக்கும், அப்போ கொஞ்சம் கூட மிதிக்கலாம்.

ஹேண்டில் நேரா இருக்கணும், அதை மறந்துடாதே. வளைவுல வண்டியைச் சாய்க்கறதுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சுடு. டிப்பர்காரன் எம்-சாண்டும் ஜல்லியும் இறைச்சுட்டுப் போன திருப்பத்துல முன் பிரேக்கை இறுக்கிப் புடிச்சியோ, பல்லு ஜல்லியோட சேந்துடும். புது மழை பேஞ்ச ரோட்டுலயும் அதே கதிதான்.

ஞாயித்துக்கிழமை சிப்காட் உள்ரோடு காலியாக் கிடக்கும். ஹெல்மெட்டைத் தலையில போட்டுக்கினு போ, டாங்க் மேல வெச்சுக்கினு போகாதே. இருபதுல ஓட்டி நிறுத்திப் பாரு, அப்புறம் முப்பது, நாப்பது. கை தானாப் போற வரைக்கும் பழகு.

பழகினதும் வந்து சொல்லு, வாலாஜாபாத்துல ஒரு சாவுக்குப் போகணும், பதினாறாம் நாள் காரியத்துக்காவது என்னைக் கூட்டிக்கினு போவே. இன்னிக்கு நான் பஸ்ஸுலயே போயிக்கறேன்.