ரூட் இல்லன்னா இன்னாடா நைனா?

வாடா நைனா. மூஞ்சி இன்னாத்துக்கு இப்படித் தொங்குது? கார்வேட்டிநகரத்துல பஸ் ஏறி திருச்சி என்.ஐ.டி. வரைக்கும் போய்ப் படிக்கிற புள்ள நீ. வேலை செய்யக் கெடைச்சது 2022 மே மாசம் தொறந்து வச்ச 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர். வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு! அவ்ளோ பெரிய மிஷின், உன் ஹோம் ஃபோல்டர்ல நீயே வச்ச ஃபைலைக் 'காணோம்'னு கைய விரிச்சிட்ச்சா? சிரிப்பு வருது, கோச்சுக்காதே.

ரூட் பாஸ்வேர்டு குடுக்கலன்னு பொலம்பிக்கினு கீறியாமே. பத்துப் பேரு புழங்குற எடத்துல உனக்கு ரூட் குடுத்தா, மொத நாளே பாதி சிஸ்டத்தை அழிச்சிட்டு, "தாத்தா, நான் ஒண்ணியும் தொடல"ம்ப. உன்ன எனக்குத் தெரியாதா? குடுக்காதவன் கெட்டிக்காரன்.

அந்தக் 'காணோம்' ஃபைலு ஜி.எஸ்.எல்.ங்கற கணக்கு லைப்ரரி. அது தானா போய் உக்காரப் பாக்கறது யூஎஸ்ஆர் லோக்கல்ல. அங்க எழுத உனக்கு பர்மிஷன் கெடையாது. பிரிஃபிக்ஸ் குடுத்து ஹோம்லயே எறக்குனே பாரு, அது புத்தி. அப்பால ஹைஃபன் பெரிய எல் போட்டுப் பாதை சொன்னே, புரோகிராமும் கம்பைல் ஆச்சு. வேலை முடிஞ்சதுன்னு போய்ப் படுத்தியே, அங்கதான் கோட்டை விட்டே. நீ சொன்னது லிங்க்கர் காதுல மட்டும்தான் வுழுந்துச்சு. ஓட்டும்போது தேடறவன் வேற ஆளு, லோடர். அவன் பாக்கறது அட்மின் எல்டிகான்ஃபிக் ஓட்டி வச்ச கேஷ், அப்புறம் லிப், யூஎஸ்ஆர் லிப். உன் ஹோம் எங்க கீதுன்னு அவனுக்கு எவன் சொன்னான்?

சொல்றதுக்குத்தான் எல்டி லைப்ரரி பாத்ங்கற வேரியபிள். ஒரு தபா ஓட்டிப் பாக்க அது நல்ல வழி. நீ இன்னா பண்ணே? எவனோ சொன்னான்னு, ஷெல்லு தொறக்கறப்பல்லாம் ஓடற பாஷ்ஆர்சியில அதை எழுதி வச்சிட்டே. கை ஒடிஞ்சவன் எலும்புக் கட்டுக்குப் பேர் போன புத்தூருக்குப் போயி, நல்லா கீற ரெண்டு காலுக்கும் சேத்துக் கட்டு போட்டுக்கினு வந்த கதைதான். ஜி.எஸ்.எல். பக்கமே போவாத புரோகிராமுங்களும் இப்ப உன் ஃபோல்டரைத்தான் மொதல்ல தொழாவுது. அதே பேர்ல வேற வெர்ஷன் ஒண்ணு ஆப்ட்டா, எடுத்துக்கினு கவுந்துடுது. அந்த வரி கடைசியில சும்மா ஒரு கோலன் நிக்குதே, பாத்தியா? கோலனுக்கு அப்பால காலியா வுட்டா, நீ எந்த ஃபோல்டர்ல நிக்கறியோ அங்கயும் தேடுன்னு அர்த்தம். கண்டதை எறக்கி வக்கிற டவுன்லோட்ஸ்ல நின்னுக்கினு ஓட்டுனா உருப்புடுமா?

லிங்க் பண்றப்பவே ஆர்பாத் குடுத்துடு. பாதை உன் புரோகிராமுக்குள்ளயே பதிஞ்சிடும். மத்தவனுக்குத் தொந்தரவு இல்ல. எல்டிடி போட்டுப் பாரு, எந்த லைப்ரரி எங்கேர்ந்து வருதுன்னு புட்டுப் புட்டு வக்கும்.

அதுக்கு முன்னாடி பாஷ்ஆர்சியில கீற வரியை அழிச்சிடு. பல லினக்ஸ்ல ஆர்பாத்னு நீ குடுத்தாலும் உள்ள பதியறது ரன்பாத். லோடர் எல்டி லைப்ரரி பாத்தைப் பாத்துட்டுத்தான் அதுங்கிட்ட வருவான். அழிக்காம வுட்டா பழைய குடுமிதான் ஆடும். அப்பவும் நீ வந்து ரூட் குடுக்கலன்னுதான் சொல்லுவே.