ரிமோட் மாமா

மே மாதம் பிறந்தால் எங்கள் அரியலூர் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்துவிடுவார்கள். மூத்ததுக்குப் பதின்மூன்று, கடைக்குட்டிக்கு நாலு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர்களுக்கு என்ன படம் போடுவது என்கிற இலாகா என் அண்ணனிடம் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை. ஒருநாள் ரிமோட்டைக் கையில் எடுத்தவர், அப்புறம் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான். என் பிள்ளைகளுக்கு மாமா, தம்பி பிள்ளைகளுக்குப் பெரியப்பா என்றாலும் ஊருக்கெல்லாம் ரிமோட் மாமா. உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார், பாருங்கள். பனியன், லுங்கி, இடுப்பு மடிப்பில் பென் டிரைவ், பாலிதீன் உறை பிரிக்காத ரிமோட்.

இந்த வகை மாமாக்கள் படத்தைச் சும்மா போட்டுவிட மாட்டார்கள். முதலில் ஒரு பிரசங்கம். "எந்த வயசுக்கு எந்தப் படம்னு ஒரு கணக்கு இருக்கு. கண்டதைக் காட்டினா ராத்திரி புள்ளைங்க அலறும்." தணிக்கை வாரியம் 2024-இல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்ததிலிருந்து, அரசாங்கமே தன் கட்சிக்கு வந்துவிட்ட தெம்பு அண்ணனுக்கு. ஆனால் எல்லா வயசும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் முறுக்கு தின்றால் என்ன செய்வது என்று வாரியம் சொல்லவில்லையே!

இந்த வருஷம் எல்லாருக்கும் டைனோசர்தான் வேண்டும் என்றாகிவிட்டது. கடைக்குட்டி கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் டைனோசர். சோற்றிலும் முங்கும், குளியலிலும் முங்கும். அண்ணன் யோசித்து, சின்னதுகளுக்குக் கார்ட்டூன்தான் சரி என்று 'தி லேண்ட் பிஃபோர் டைம்' போட்டார். 1988-இல் வந்தது, 69 நிமிஷம், ரத்தம் கித்தம் எதுவும் கிடையாது. அரை மணி ஆகியிருக்காது, கூடத்தில் ஒப்பாரி. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்தால், குட்டி டைனோசரின் அம்மா செத்துப்போய்விட்டாளாம். ஏழு வயசுக்காரி தன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டவள் சாயங்காலம் வரை விடவில்லை. அண்ணன் மூக்கை உறிஞ்சியபடி, "ஜலதோஷம்" என்றார்.

மறுநாள் 'தி குட் டைனோசர்'. 2015-இல் வந்தது, பிக்ஸார்காரன் கைவிட மாட்டான் என்று நம்பினார். அதில் வெள்ளம் வந்து அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. "மாமா, யாராவது செத்தாத்தான் டைனோசர் படத்துல கதை ஆரம்பிக்குமா?" என்று கேட்டாள் அந்த ஏழு வயசுக்காரி.

மூன்றாம் நாள் 'ஐஸ் ஏஜ்' வரிசையில் 2009-இல் வந்த டைனோசர் படம். அதில் வரும் சிட் மூன்று முட்டைகளைத் தூக்கிவந்து, தானே அம்மா என்று அலைவதைப் பார்த்துச் சின்னதுகள் உருண்டு உருண்டு சிரித்தன. அண்ணன் மீசையைத் தடவிய நேரம், ஒன்பது வயசுக்காரன் எழுந்தான். "டைனோசர் அழிஞ்சு 6.6 கோடி வருஷம் ஆச்சு. மாமத்கூட எப்படி மாமா நிக்கும்?" இந்த ஒன்பது வயசுதான் ஆபத்து. நாலு வயசு பல்லைப் பார்த்துப் பயப்படாது, எண்ணும். பதின்மூன்று எதற்கும் பயப்படாத பாவனையில் செல்போனைப் பார்க்கும். ஒன்பது பிழை திருத்தும்.

"அப்ப பெரிய படமே போட்டுடுறேன்" என்றார் அண்ணன், வேறு வழியில்லாதவர் மாதிரி. எனக்கல்லவா தெரியும்! டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் பார்த்த படம் 'ஜுராசிக் பார்க்'. 1993-இல் ஸ்பீல்பெர்க் எடுத்ததை இன்னொரு தடவை பார்ப்பதற்கு எட்டுப் பிள்ளைகள் அவருக்குச் சாக்கு.

பயங்கரமான இடங்களை ஓட்டிவிடுவதாக அண்ணியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கட்டைவிரல் பொத்தானிலேயே இருந்தது. அந்தப் படம் 127 நிமிஷம். அதில் டைனோசர் கண்ணில் படுவது மொத்தமே ஒரு கால் மணி நேரம். அதில் முக்கால்வாசியை அண்ணன் ஓட்டிவிட்டார். மிச்சம் இருந்தது என்ன? கோட்டு போட்டவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விவாதித்தார்கள். "மாமா, இது டைனோசர் படமா, ஆபீஸ் படமா?" என்றது கடைக்குட்டி.

எப்படியோ டி-ரெக்ஸின் ஓர் உறுமல் மட்டும் தப்பித்து வந்துவிட்டது. ஏழு வயசுக்காரி காதைப் பொத்தினாள். "அது ஒண்ணுமில்லடி, யானைக்குட்டி சத்தத்தோட புலி, முதலை சத்தம் எல்லாம் கலந்து செஞ்சது" என்று சமாதானம் சொன்னார். தகவல் உண்மைதான். ஆனால் மறுநாள் கோயில் வாசலில் யானையைக் கண்டதும் அவள் போட்ட கூச்சலில், பாகனே பயந்துவிட்டான்.

ராப்டர்கள் சமையலறைக்குள் பிள்ளைகளைத் தேடும் கட்டத்தில் பிழைதிருத்தி மறுபடி எழுந்தான். "நிஜ வெலாசிராப்டர் வான்கோழி சைஸ்தான். இறகுகூட உண்டு."

நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த அம்மா விழித்து, "வான்கோழிக்கா இந்த ஓட்டம் ஓடுறாங்க?" என்றாள்.

அன்றைக்கு அண்ணன் செய்த தப்பு ஒன்றே ஒன்று. ஓலைக் கக்கூஸில் ஒளிந்திருக்கும் வக்கீலை, டி-ரெக்ஸ் உட்கார்ந்த இடத்திலேயே கவ்விக்கொண்டு போகுமே, அதை மட்டும் ஓட்டவில்லை. "இது காமெடிடா, பாருங்க" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். "நம்ம அரியலூர்லயே டைனோசர் இருந்திருக்குடா. கல்லமேட்டுல எலும்பு கிடைச்சு, 1980கள்ல ப்ருஹத்காயோசாரஸ்னு பேரே வெச்சாங்க."

"பெருங்காயமா?" என்றாள் அம்மா. தப்பில்லை, காயம் என்றால் உடம்பு என்றும் பொருள் உண்டு, அந்தப் பேருக்கும் பெரிய உடம்பு என்றுதான் பொருள்.

"அந்த எலும்பு எங்க பெரியப்பா?"

"உதிர்ந்து போச்சுடா."

"அது உதிர்ந்ததுன்னு யாரு சொன்னா? எழுந்து போயிருந்தா?" என்றான் தம்பி மகன். "கல்லமேடு எவ்வளவு தூரம்?"

"இந்தா, பக்கத்துலதான்" என்றார் அண்ணன் பெருமையாக.

எங்கள் வீட்டில் கக்கூஸ் கொல்லையில் இருக்கிறது. கிணற்றைத் தாண்டி, வாழைமரத்தைத் தாண்டிப் போக வேண்டும். பத்து மணிக்கு முதல் பிள்ளை அண்ணனை எழுப்பியது. பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். லுங்கியை மடித்துக் கட்டி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார் ரிமோட் மாமா.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேண்டா."

"பெரியப்பா, போயிடலையே?"

"போகலை, சீக்கிரம் வா."

செல்போனைத் தவிர எதையும் நிமிர்ந்து பாராத பதின்மூன்றுகூட, கை கழுவ வந்தவன்போல வந்து நின்றது. கடைசியாகக் கடைக்குட்டி பிளாஸ்டிக் டைனோசரோடு உள்ளே போய்விட்டு வந்தான். பின்னால் வாழையிலை சரசரத்தது. அண்ணன் டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"டேய், மாமாவும் போயிட்டு வந்துடுறேன். ஒரு நிமிஷம் இங்கயே நில்லு."